என்.எஸ்.ஜி. சுண்டெலி: குடல் அழற்சி ஆய்வுக்கு வாங்கலாமா, வாங்கினால் எதை?

ஆய்வக எலிகளை விற்கும் ஜாக்சன் லேபரட்டரியின் பட்டியலில் 005557 என்ற எண்ணில் இருக்கும் என்.எஸ்.ஜி. சுண்டெலியை, சொந்த நோயெதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லாததால் மனித செல்களை ஏற்கும் எலியை, புற்றுநோய் ஆய்வகங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்கின்றன. குடல் அழற்சி நோயை ஆராய்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்க வேண்டும். மனிதப் புரதத்தை மட்டுமே அடையாளம் காணும் ஒரு மருந்து, நோயாளியின் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) அழற்சி கண்ட குடலுக்குள் என்ன செய்கிறது? இந்த ஒரு கேள்விக்கு இதைவிடக் கைக்கு எட்டும் கருவி வேறில்லை. ஆனால் குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளான அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ குரோன் நோயோ வந்த எலி பெட்டியில் வந்து இறங்கும் என்று நினைத்து வாங்கினால் பணம் தண்டம்.

இப்படி ஒரு எலி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஒன்றே போதும். 1998இல் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த ஆன்டிபாடி மருந்து மனிதனின் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடிக்கும், எலியின் டிஎன்எஃபைத் தொடவே தொடாது. குரோன் நோய்க்கான இன்னொரு ஆன்டிபாடியான உஸ்டெகினுமாப்பும் அப்படித்தான், எலியின் பி40 புரதம் அதற்கு அந்நியம். அதனால் சாதாரண எலியில் சோதிப்பது உண்மையான மருந்தை அல்ல, அதே இலக்கைத் தாக்கும் எலிக்கான மாற்று ஆன்டிபாடியை. அதில் கிடைத்த முடிவு மனிதனுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஐஎல்-17ஏ என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் செகுகினுமாப்பைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2012இல் வெளியானது. பலன் இல்லை, போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சிலருக்கு நிலைமை மோசமானது. எலிக் குடலில் ஐஎல்-17 பற்றிய தகவல்கள் அதற்கு முன்பே ஒன்றுக்கொன்று முரண்பட்டுத்தான் கிடந்தன.

பெயரிலேயே எலியின் மூன்று குறைகளும் இருக்கின்றன. முதலாவது என்ஓடி என்ற எலி வகையின் மரபுப் பின்னணி: இதன் சர்ப்-ஆல்ஃபா புரதம் மனித செல்களின் மேலுள்ள சிடி47 புரதத்தை இறுகப் பிடிக்கும், அதனால் எலியின் மேக்ரோஃபேஜ்கள் (அந்நிய செல்களை விழுங்கும் வெள்ளணுக்கள்) மனித செல்களை விழுங்காமல் விட்டுவிடுகின்றன; அந்நிய செல்களைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதமான சி5உம் இதில் இல்லை. இரண்டாவது ஸ்கிட் பிறழ்வு: டி செல்களும் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களும் கிடையாது. மூன்றாவது ஐஎல்-2 ஏற்பியின் காமா சங்கிலி நீக்கம்: அந்நிய செல்களைக் கொல்லும் என்.கே. செல்களும் போய்விடுகின்றன. ஜப்பானில் உருவாகி டாகோனிக் நிறுவனம் விற்கும் என்.ஓ.ஜி. எலியும் இதே வகைதான். அதில் காமா சங்கிலியின் உள்பக்கம் மட்டும் வெட்டப்பட்டிருக்கும், என்.எஸ்.ஜி.யில் அது முழுதாக இல்லை. கீழே வரும் வேலைகளுக்கு இரண்டில் எதை எடுத்தாலும் சரி. ஒரு திட்டத்தின் நடுவில் மட்டும் மாற்றக் கூடாது.

ஒரு விஷயம் விளம்பரத் தாளில் சிறிய எழுத்தில்கூட இருக்காது. காமா சங்கிலி இல்லாத எலியில் நிணநீர் முடிச்சுகள் சரியாக வளராது, சிறுகுடல் சுவரிலுள்ள நிணநீர்த் திட்டுகளான பேயர் பேட்ச்களும் அப்படியே. குடல் நோயெதிர்ப்பின் முக்கியமான கட்டடமே அரைகுறை. மனித செல்களைச் செலுத்தினாலும் அது முழுதாக எழும்பி வராது. குடலின் ஐஜிஏ ஆன்டிபாடி, பி செல் எதிர்வினை போன்ற கேள்விகளை வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே வேறு கடை பார்க்கலாம்.

விற்பனையில் மூன்று வடிவங்கள் உண்டு: மனித செல் எதுவும் செலுத்தாத வெற்று எலி; ஆரோக்கியமான கொடையாளரின் பிபிஎம்சி (இரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளணுக்கள்) செலுத்திய எலி; தொப்புள்கொடி இரத்தத்தின் சிடி34 ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உண்டாக்கும் செல்) செலுத்திய எலி. பின்னிரண்டும் வெற்று எலியைவிடப் பல மடங்கு விலை. குடல் அழற்சி ஆய்வுக்கு அந்த விலைக்கேற்ற பயன் பெரும்பாலும் கிடைக்காது, காரணம் எளிது: இரண்டிலுமே நோயாளியின் செல் இல்லை. வருடக்கணக்காக அழற்சியில் புரண்ட டி செல்களின் நினைவு, நோயாளியின் இரத்தத்தில்தான் இருக்கிறது. ஆகவே பரிந்துரை இதுதான்: வெற்று எலியை வாங்குங்கள், இரத்தத்தை உங்கள் மருத்துவமனையின் இரைப்பை-குடல் பிரிவிலிருந்து நெறிமுறைக் குழு அனுமதியோடு பெறுங்கள்.

அப்படிச் செய்து பார்த்த செய்முறைகளில் நன்றாகத் தேறியது மியூனிக்கின் லுட்விக் மாக்ஸிமிலியான் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்டது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளியின் பிபிஎம்சியை வால் சிரையில் செலுத்தி, மலக்குடல் வழியாக எத்தனால் கொடுத்துக் குடலைச் சீண்டுகிறார்கள். எண்கள்: முதல் நாள் ஒரு எலிக்கு 30 முதல் 40 லட்சம் செல்கள், 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் உப்புக் கரைசலில். 8ஆம் நாள் 10% எத்தனால் 150 மைக்ரோலிட்டர், மயக்கத்தில், மெல்லிய கதீட்டர் வழியாக. 15, 18ஆம் நாள்களில் 50% எத்தனால். 21ஆம் நாள் முடிப்பு. குடலைப் புண்ணாக்கும் டிஎன்பிஎஸ் என்ற இரசாயனம் தேவையில்லை, கதிர்வீச்சும் தேவையில்லை. மூன்றே வாரம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

இரத்தக் கணக்கை எலி ஆர்டருக்கு முன்பே போட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 10 லட்சம் பிபிஎம்சி என்று வைத்துக்கொண்டால், 60 மில்லிலிட்டரில் 600 லட்சம். கழுவும்போது நூறு லட்சம் போய்விடும். மீதி 500 லட்சத்தில், எலிக்கு 40 லட்சம் வீதம் 12 எலிகள். மூன்று குழுக்களுக்கு நான்கு நான்கு: சீண்டாதவை, சீண்டி வெறும் கரைசல் பெற்றவை, சீண்டி மருந்து பெற்றவை. அவ்வளவுதான், ஒரு நோயாளியிடமிருந்து ஒரு மருந்து, ஒரே அளவு. நோய் தீவிரமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரத்தசோகை இருக்கும், 60 மில்லிலிட்டர் கேட்பதே கஷ்டம். நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரைன் எடுப்பவர்களிடம் லிம்ஃபோசைட் எண்ணிக்கை குறைந்து விளைச்சல் பாதியாகலாம். நான்காவது குழு வேண்டும் என்று திட்டத்தில் எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

செல் தயாரிப்பில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் ஃபிகால் கரைசலின் மேல் இரத்தத்தை அடுக்கி, அறை வெப்பத்தில், 400 ஜி வேகத்தில் 30 நிமிடம் சுழற்றும்போது சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்திருக்க வேண்டும். பிரேக் போட்டால் இடையில் நிற்கும் வெண்படலம் கலங்கி, சிவப்பணுவும் பிளேட்லெட்டும் சேர்ந்து வரும். சிவப்பணுக்களைக் கரைத்து, குறைந்த வேகத்தில் இரண்டு முறை கழுவி பிளேட்லெட்டை விரட்டி, ஊசியில் ஏற்றும் முன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். வால் சிரையில் செலுத்திய சில நிமிடங்களில் எலி மூச்சுத் திணறிச் செத்தால் எலியைக் குறை சொல்லிப் பயனில்லை: செல் கட்டிகள் நுரையீரல் குழாய்களை அடைத்திருக்கும்.

எத்தனால் கொடுக்கும் கட்டம்தான் கைத்திறன் கேட்பது. குடலின் கடைசிப் பகுதியில் மலக்கட்டி இருந்தால் திரவம் அதைச் சுற்றி வழிந்து வெளியே வந்துவிடும். எனவே வயிற்றை மெல்ல நீவி வெளியேற்றிவிட்டு, லிடோகெயின் ஜெல் தடவிய கதீட்டரைத் தள்ளாமல் வழுக்க விடுங்கள். தடை வந்தால் பின்வாங்கி மறுபடி நுழைக்க வேண்டும், அழுத்தினால் துளை விழும். 150 மைக்ரோலிட்டரையும் மெதுவாக விட்டு, எலியைத் தலை தாழ்த்தி 30 பாகைச் சரிவில் வைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், ஒரே கூண்டில் ஒரு எலிக்குக் கடும் புண், பக்கத்து எலிக்கு ஒன்றுமில்லை என்று வரும். அந்தச் சிதறலை மருந்தின் பலனாகவோ பலனின்மையாகவோ எழுதிவிடுவது சுலபம். 20 கிராமுக்குக் குறைந்த எலிக்கு 50% எத்தனால் கொடுக்காதீர்கள்.

மேலே சொன்ன மூன்று குழுக்களைத் தவிர, நோயாளியின் இரத்தம் தேவைப்படாத இரண்டு கட்டுப்பாட்டுக் குழுக்களையும் விட்டுவிடவே முடியாது. ஒன்று, மனித செல் இல்லாமல் எத்தனால் மட்டும் பெற்ற வெற்று என்.எஸ்.ஜி. இன்னொன்று, நோயற்றவரின் பிபிஎம்சி பெற்று எத்தனாலும் பெற்றது. நோயாளியின் செல் பெற்ற எலிகள் நோயற்றவரின் செல் பெற்றவற்றைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டால்தான் இந்த மாதிரிக்கே அர்த்தம். மியூனிக் குழு காட்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

டிஎஸ்எஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 36 முதல் 50 கிலோடால்டன் எடையுள்ள டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டை, அதாவது டிஎஸ்எஸ்ஸை, குடிநீரில் கலந்தால் எந்த எலிக்கும் குடல் புண்ணாகும். டி செல்லே இல்லாத ஸ்கிட் எலிக்கும் ஆகும், இது 1994லேயே தெரிந்த விஷயம். அப்படியென்றால் மனித செல் செலுத்திய என்.எஸ்.ஜி.க்கு டிஎஸ்எஸ் கொடுத்து, எடை குறைந்தது, இரத்தம் வந்தது என்று காட்டுவதில் மனித செல்லுக்கு என்ன பங்கு? பல நேரம் எதுவுமில்லை. டிஎஸ்எஸ்ஸை அழற்சி உண்டாக்கும் தளமாக மட்டும் வைத்துக்கொண்டு, மனித டி செல் அந்த இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது வேறு கதை. எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு செய்தது அதுதான். நோயாளியின் டி செல்களை ஒளிரும் சாயமேற்றி, டிஎஸ்எஸ் கொடுத்த என்.எஸ்.ஜி. எலியின் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் இலியோகோலிக் தமனியில் செலுத்திக் குடலில் சேர்வதை எண்ணினார்கள். மனித டி செல்லின் மேலுள்ள ஆல்ஃபா4பீட்டா7 இன்டெக்ரின் என்ற புரதம், எலிக் குடலின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள மேட்கேம்-1ஐப் பிடிக்கும் என்பதால் இது நடக்கிறது. இந்தப் பிடியைத் தடுக்கும் வெடோலிசுமாப் வகை மருந்துகளுக்கு, இந்த எலியின் எல்லாப் பயன்பாடுகளிலும் சுத்தமானது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்: கேள்வி சிறியது, நேரம் குறைவு, செலுத்திய மனித செல்கள் எலியைத் தாக்கத் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஆனாலும் வரம்பு உண்டு. பீட்டா7ஐத் தடுக்கும் எட்ரோலிசுமாப் இந்த எலிகளில் நன்றாகவே தெரிந்தது. மூன்றாம் கட்ட மனிதச் சோதனைகள் கலவையான முடிவோடு முடிந்தன. செல் குடலுக்குப் போகிறதா, தங்குகிறதா என்பதை எலி சொல்லும். நோய் தணியுமா என்பதை அது சொல்லாது.

இங்கே நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்க்காமல் இரத்தம் வாங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். வெடோலிசுமாப் எடுத்துக்கொண்டிருப்பவரின் டி செல்களில் ஆல்ஃபா4பீட்டா7 ஏற்கனவே மருந்தால் மூடப்பட்டிருக்கும். செல் மேற்பரப்புப் புரதங்களை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அது இல்லாதது போலவே தெரியும்.

எலித் திசுவும் மனித செல்லும் பேசிக்கொள்ளும் மொழியில் பாதி வார்த்தைகள் காணாமல் போயிருக்கின்றன. அழற்சியைத் தூண்டும் புரதமான மனித இன்டர்ஃபெரான் காமாவை எலியின் ஏற்பி அறியாது. எனவே மனித டி செல் அதை எவ்வளவு சுரந்தாலும் எலிக் குடலின் எபிதீலியத்துக்கு (உட்புறச் செல் படலத்துக்கு) கேட்காது. மனித டிஎன்எஃப் எலியின் முதல் ஏற்பியோடு சேரும், இரண்டாவதோடு சேராது. மறுதிசையில், எலியின் வளர்ச்சிப் புரதங்களான ஜிஎம்-சிஎஸ்எஃபும் ஐஎல்-3உம் மனித செல்லுக்கு உதவாது. மேக்ரோஃபேஜ்களாக மாறும் மனித மோனோசைட்டுகள் என்.எஸ்.ஜி.யில் நிலைக்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். பிபிஎம்சி செலுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மனித செல்களில் கிட்டத்தட்ட எல்லாமே டி செல்களாக இருக்கும். மேக்ரோஃபேஜ் வழியாக வேலை செய்யும் மருந்தை இதில் சோதித்து 'பலனில்லை' என்று கைகழுவுவது மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்.எஸ்.ஜி.-எஸ்ஜிஎம்3, எண் 013062. மனித எஸ்சிஎஃப், ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-3 மூன்றையும் சுரக்கும். மைலாய்டு செல்களும் (மோனோசைட், மேக்ரோஃபேஜ் போன்றவை) மாஸ்ட் செல்களும் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். கூடவே, ஸ்டெம் செல் செலுத்திய எலிகளில் மனித மேக்ரோஃபேஜ்கள் கட்டுமீறிக் கிளர்ந்து, இரத்தசோகையில் எலி சீக்கிரமே சாகும் ஆபத்தும் கிடைக்கும். எடை குறைவதைக் குடல் நோயின் அளவுகோலாக வைக்கும் ஆய்வில் இது நேரடி இடைஞ்சல்.

எடையை ஏமாற்றும் இன்னொன்று ஒட்டு எதிர்வினை. மனித டி செல்கள் எலியையே எதிரியாகத் தாக்கும் இந்த நோய், ஒரு கோடி பிபிஎம்சி செலுத்திய என்.எஸ்.ஜி.யில் சுமார் நான்காவது வாரத்திலிருந்து வெளிப்படும். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் இன்னும் முன்பாகவே. கூன் விழுந்த முதுகு, சிலிர்த்த முடி, எடை இறக்கம் எல்லாம் கொலைட்டிஸ் போலவே இருக்கும். பிரித்தறிய ஒரே வழி, முடிக்கும் நாளில் குடலோடு கல்லீரலையும் நுரையீரலையும் வெட்டிப் பார்ப்பது. அங்கும் மனித சிடி45 செல்கள் (சிடி45 வெள்ளணுக்களின் அடையாளப் புரதம்) திரண்டிருந்தால் நீங்கள் அளந்தது குடல் நோயை அல்ல. மியூனிக் முறையில் செல் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் 21ஆம் நாளோடு நிறுத்துவதும் இதற்கும் சேர்த்தே பயன்படுகின்றன. ஆய்வை நீட்டியே ஆக வேண்டுமென்றால் டி செல்கள் அந்நியத்தை அடையாளம் காண உதவும் எம்ஹெச்சி புரதங்களில் எலியின் முதல், இரண்டாம் வகை இரண்டும் நீக்கிய 025216 இருக்கிறது. ஒட்டு எதிர்வினை வெகுவாகத் தள்ளிப்போகும். ஆனால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினை நீக்கிய பழைய வகையைத் தவறி ஆர்டர் செய்துவிடாதீர்கள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் ஐஜிஜி வகை ஆன்டிபாடியை இரத்தத்தில் காக்கும் எஃப்சி-ஆர்என் ஏற்பியும் செயல்படாது, செலுத்திய ஆன்டிபாடி மருந்து வேகமாக மறைந்துவிடும். இன்ஃப்ளிக்ஸிமாப் சோதனைக்கு அதைவிடத் தவறான எலி இருக்க முடியாது.

சிடி34 எலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தயாராக வாங்கினால், செலுத்தி 12 வாரத்தில் இரத்தத்தில் மனித சிடி45 செல் 25%க்கு மேல் இருப்பதாக விற்பவர் உறுதி தருகிறார். டி செல்கள் எலியின் தைமஸில் (டி செல்கள் முதிரும் உறுப்பில்) எலியின் எம்ஹெச்சியோடு வளர்ந்தவை, அதனால் ஒட்டு எதிர்வினை குறைவு. அதே காரணத்தால் மனிதனின் எம்ஹெச்சியான எச்எல்ஏ வழி ஆன்டிஜென் எதிர்வினையும் பலவீனம். இந்த முடிச்சை அவிழ்க்க பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக் குழு, எலியின் இரண்டாம் வகை எம்ஹெச்சியை நீக்கி எச்எல்ஏ-டிஆர்1 சேர்த்த என்.எஸ்.ஜி.யை உருவாக்கியது. அதில் டிஎன்பிஎஸ் கொலைட்டிஸ் உண்டாக்கி, குறைந்த அளவு ஐஎல்-2 கொடுத்தால் அழற்சி தணிவதை 2019இல் காட்டினார்கள். கேள்வியை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற எலியைத் தேடியதற்கு நல்ல உதாரணம் அது. சொந்தமாக சிடி34 செலுத்த நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள்: பெண் எலிகளில் ஸ்டெம் செல் நன்றாகப் பிடிக்கும்; ஸ்கிட் பிறழ்வால் டிஎன்ஏ பழுதுநீக்கம் குறைபட்டிருப்பதால், ராக் மரபணு நீக்கிய எலிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சை இதற்குக் கொடுத்தால் கொன்றுவிடுவீர்கள்.

நோயாளியின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிக்குக் கொடுப்பதும், மனித செல் செலுத்திய எலியைப் போலவே, 'மனிதமயமாக்கிய எலி' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அது முற்றிலும் வேறு பொருள், இரண்டையும் குழப்பி விலைப்பட்டியல் கேட்காதீர்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் குழு 2019இல் அந்த வழியில் செய்த வேலை வலுவானது: குடல் அழற்சி நோயாளிகளின் நுண்ணுயிர்கள் எலிக் குடலில் டிஹெச்17 செல்களை (ஐஎல்-17 சுரக்கும் டி செல்களை) கூட்டின, டி செல் மாற்றிய எலிகளில் கொலைட்டிஸைக் கடுமையாக்கின.

நுண்ணுயிர் பேச்சு வந்ததால் பராமரிப்பு. என்.எஸ்.ஜி.க்குக் கதிரூட்டிய தீவனம், ஆட்டோகிளேவ் செய்த அல்லது அமிலமேற்றிய நீர், தனிக் காற்றோட்டக் கூண்டு எல்லாம் அவசியம். நியூமோசிஸ்டிஸ், கோரினேபாக்டீரியம் போவிஸ் போன்ற கிருமிகள் நுழைந்தால் கூட்டமே போகும். பல விலங்குக் கூடங்களில் பாதுகாப்புக்கென்று நீரில் ஆன்டிபயாடிக் கலப்பது வழக்கம். கட்டி வளர்ப்பவருக்கு அது கவலையில்லை, குடலைப் படிப்பவருக்கு ஆய்வின் பாதியை அது அழித்துவிடும். கூடப் பொறுப்பாளரிடம் ஆர்டருக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜாக்சனின் சி57 என்ற சாதாரண ஆய்வக வகை எலிகளில் இல்லாத இழை பாக்டீரியா டாகோனிக்கின் எலிகளில் இருந்ததால் டிஹெச்17 செல் எண்ணிக்கையே மாறியது என்பது 2009இல் வெளிவந்த பிரபலமான கண்டுபிடிப்பு. ஒரு நிறுவனத்தின் எலியைச் சோதனைக் குழுவாகவும் இன்னொன்றின் எலியைக் கட்டுப்பாடாகவும் வைக்க அதற்குப் பிறகு யாருக்கும் சாக்கு இல்லை.

அளவீடுகளில் மருத்துவமனைப் பழக்கம் வழிதவற வைக்கும். மனித இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எலியில் பெரிதாக ஏறாது, அங்கே அந்த வேலையைச் செய்வது சீரம் அமிலாய்டு பி. மலத்தில், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் விடும் கால்ப்ரோடெக்டின் புரதத்தைப் பார்க்கலாம், ஆனால் என்.எஸ்.ஜி.யில் மனித நியூட்ரோஃபில் கிட்டத்தட்ட இல்லை. ஏறுவது எலியின் கால்ப்ரோடெக்டின், எனவே எலிக்கான கிட் வாங்க வேண்டும். திசுவில் வழக்கமான எச் அண்ட் ஈ சாயத்தில் திரண்டு தெரியும் செல்களும் பெரும்பாலும் எலியின் நியூட்ரோஃபிலாக இருக்கலாம், மனித சிடி45 சாயம் போடாத படத்தை ஏற்காதீர்கள். ஆர்என்ஏ எடுத்தால், ப்ரைமர் (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) எலி, மனிதன் இரண்டில் எந்த இனத்தைப் படிக்கிறது என்று வெற்று எலியின் குடலிலும் மனித பிபிஎம்சியிலும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.

புள்ளிவிவரத்தில் மிக அதிகம் நடக்கும் பிழை எண்ணிக்கை. ஒரே நோயாளியின் இரத்தம் பெற்ற 12 எலிகள் 12 மாதிரிகள் அல்ல, ஒரே நோயாளியின் 12 நகல்கள். ஐந்து நோயாளிகள் என்றால் எண்ணிக்கை ஐந்து; ஒவ்வொருவரின் எலிகளையும் எல்லாக் குழுக்களிலும் பிரித்துப்போட்டு, கொடையாளரைத் தனி மாறியாக வைத்துக் கணக்கிட வேண்டும். எலியைக் கூட்டுவதைவிட நோயாளியைக் கூட்டுவதில் பணம் போடுங்கள்.

இந்தியாவில் வாங்குபவர்கள் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சிசிஎஸ்இஏவின் அனுமதி, இறக்குமதி உரிமம், விலங்குத் தனிமைப்படுத்தல் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். எலி வரும் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும், நோயாளியின் புதிய இரத்தம் அதற்காகக் காத்திருக்காது. அதனால் முதல் ஆர்டரில் 6 முதல் 8 வார வயதுள்ள பெண் எலிகள் சிலவற்றை மட்டும் வரவழைத்து, மனித செல் எதுவும் இல்லாமல், எத்தனால் கட்டத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எல்லா எலிகளிலும் புண் ஒரே அளவில் விழும்வரை யாரிடமும் இரத்தம் கேட்க வேண்டாம்.